நீர்மூழ்கு விளக்கு

நீர்மூழ்கு விளக்கு என்பது நீருக்கடியில் செல்பவர்கள் பார்ப்பதற்கும், சைகை காட்டுவதற்கும், ஒளிப்படம் எடுப்பதற்கும் பயன்படுத்தும், நீர் புகாத, அழுத்தம் தாங்கும் மின்விளக்கு ஆகும். இரவு மூழ்கலுக்கும் குகை மூழ்கலுக்கும் இது இன்றியமையாதது. பகலில், ஆழத்தில் மறையும் நிறங்களைக் காணவும் உதவுகிறது. விளக்கின் திறன் பொதுவாக லூமென் அலகில் குறிக்கப்படுகிறது. எனினும் கற்றையின் கோணம், பொருளின் தொலைவு, மின்கலம் நீடிக்கும் நேரம் ஆகியவற்றையும் சேர்த்துப் பார்த்தே தகுந்த விளக்கைத் தேர்ந்தெடுக்க இயலும்.

நீரில் ஒளியின் இயல்பு

நீர் சிவப்பு ஒளியை விரைவாக உட்கவர்கிறது. தூய நீரில் 650 நானோமீட்டர் அலைநீளமுள்ள சிவப்பு ஒளி, கடக்கும் ஒவ்வொரு மீட்டருக்கும் ஏறத்தாழ 30 விழுக்காடு குறைகிறது. 450 நானோமீட்டர் நீல ஒளியில் இக்குறைவு 1 விழுக்காடு அளவே. இதனால் 20 மீட்டர் ஆழத்தில் சிவப்பு நிற மீன், விளக்கின்றிப் பார்க்கும்போது கருமையாகத் தோன்றும்.

விளக்கொளி பொருளை அடைந்து, அங்கிருந்து கண்ணுக்குத் திரும்பும் முழுப் பாதையிலும் இந்த இழப்பு நிகழ்கிறது. பொருள் 1 மீட்டர் தொலைவில் இருந்தால் பாதையின் நீளம் 2 மீட்டர். சிவப்பில் ஏறத்தாழ பாதியே எஞ்சும். பொருள் 2 மீட்டர் தொலைவில் இருந்தால் கால் பங்கே எஞ்சும். ஆகவே விளக்கின் திறனைக் கூட்டுவதைவிடப் பொருளை நெருங்குவதே நல்ல நிறத்தைத் தரும்.

வரலாறு

பிரெஞ்சு உயிரியலாளர் லூயி பூட்டான் 1893 இல் பிரான்சின் பன்யூல்சு-சூர்-மேர் கடலில் நீரடி ஒளிப்படங்களை எடுத்தார். ஒளிக்காக, பீப்பாய் ஒன்றின் மேல் கண்ணாடிக் கூட்டினுள் எரிந்த சாராய விளக்கின் சுடரில் மக்னீசியத் தூள் ஊதப்பட்டது. 1926 இல் வில்லியம் லாங்லி, சார்லஸ் மார்ட்டின் ஆகியோர் அமெரிக்காவின் புளோரிடாக் கடலில், மிதவை மீது மக்னீசியத் தூளை வெடிக்கச் செய்து நீரடி வண்ணப் படங்களை எடுத்தனர்.

பின்னாளில் ஆலசன் குமிழ்களும் வாயு மின்னிறக்க விளக்குகளும் பயன்பட்டன. 1993 இல் ஜப்பானின் சூஜி நகமுரா மிகுபொலிவு நீல ஒளியுமிழ் இருமுனையத்தை உருவாக்கியது வெள்ளை எல்.ஈ.டி விளக்குகளுக்கு வழிவகுத்தது. இன்று பெரும்பாலான நீர்மூழ்கு விளக்குகள் எல்.ஈ.டி வகையின.

கற்றையும் பொலிவும்

லூமென் என்பது விளக்கு வெளியிடும் மொத்த ஒளியின் அளவு. அவ்வொளி எவ்வளவு பரப்பில் பரவுகிறது என்பதை அது கூறாது. ஒரே 1,000 லூமென் ஒளி, 100 பாகைக் கூம்பில் பரவுவதைவிட 10 பாகைக் கூம்பில் குவியும்போது, நடுவில் ஏறத்தாழ 90 மடங்கு செறிவாக இருக்கும்.

தட்டைக் கண்ணாடி முகப்புடைய விளக்கின் கற்றை ஒளிவிலகலால் நீரில் குறுகும். காற்றில் 80 பாகையாக உள்ள கற்றை நீரில் 58 பாகை அளவே இருக்கும். எனவே தரப்பட்டுள்ள கோணம் காற்றில் அளந்ததா, நீரில் அளந்ததா என்று அறிய வேண்டும்.

பயனுக்கேற்ற தேர்வு

இரவு மூழ்கல்: 10 முதல் 20 பாகை வரையிலான குறுகிய கற்றை தொலைவைக் காட்டும்; சைகைக்கும் ஏற்றது. கலங்கிய நீரில் அகன்ற கற்றை, மூடுபனியில் வண்டி விளக்கைப் போல, கண் முன்னே வெண்திரையை உண்டாக்கும். முதன்மை விளக்கு பழுதானால் பயன்படுத்தச் சிறிய துணை விளக்கு ஒன்றும் உடன் இருக்க வேண்டும்.

குகை மூழ்கல்: மேலே நேராக வெளியேற வழியில்லாததால் ஒருவருக்கு மூன்று விளக்குகள் என்பது விதி: ஒரு முதன்மை விளக்கும் இரு துணை விளக்குகளும்.

நிகழ்படம்: 100 பாகை அளவில் சீராகப் பரவும் ஒளி தேவை. நடுவில் மட்டும் பொலிவு மிகுந்தால் படம் சீர்கெடும். 5,000 முதல் 5,600 கெல்வின் வரையிலான நிறவெப்பநிலை பகலொளியை ஒத்தது. நிறங்காட்டு எண் 90 அல்லது அதற்கு மேல் இருப்பது நன்று.

நிலைப்படம்: ஃபிளாஷ் எனப்படும் பளிச்சொளி விளக்கே முதன்மையானது. அது மிகக் குறுகிய நேரத்தில் மிகுந்த ஒளியைத் தந்து மீனின் அசைவையும் உறையச் செய்யும். தொடர் ஒளி விளக்கு இங்குக் குவியம் பிடிக்கவே உதவுகிறது. பல கடல் உயிரிகள் சிவப்பொளியை அவ்வளவாக உணர்வதில்லை. ஆதலால் இதற்குச் சிவப்புக் குவிய விளக்கைப் பயன்படுத்துவதுண்டு.

பின்சிதறல்

நீரில் மிதக்கும் துகள்கள் ஒளியை வில்லைக்கே திருப்பி அனுப்புவதால் படத்தில் வெண்புள்ளிகள் தோன்றுவது பின்சிதறல் எனப்படுகிறது. விளக்குகளை வில்லையின் அருகில் வைக்காமல், நீண்ட கைகளில் இரு புறமும் விலக்கி, சற்று வெளிநோக்கித் திருப்பி வைத்தால் இது குறையும். விளக்கின் திறனைக் கூட்டினால் துகள்களும் சேர்ந்தே ஒளிரும்.

கட்டமைப்பு

நீரில் ஒவ்வொரு 10 மீட்டருக்கும் ஏறத்தாழ ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. நீர் புகாமையைத் தருவது ஓ-வளையம் எனப்படும் இரப்பர் வளையமாகும். அதில் ஒட்டிய ஒரு மணல் துகளோ தலைமுடியோ நீர் கசியப் போதுமானது. மின்கலம் மாற்றும்போதெல்லாம் வளையத்தைத் துடைத்து, உரிய மசகை மெல்லிதாகத் தடவ வேண்டும். பெரிய விளக்குகள் நீரால் குளிர்விக்கப்படுபவை; அவற்றை நீருக்கு வெளியே நெடுநேரம் எரியவிடலாகாது.

மின்கலப் பாதுகாப்பு

தற்கால விளக்குகளில் பெரும்பாலும் இலித்தியம்-அயனி மின்கலங்கள் உள்ளன. நீர் புகுந்த மின்கலம் வளிமத்தை வெளியிட்டு மூடிய விளக்கினுள் அழுத்தத்தைக் கூட்டலாம். அத்தகைய விளக்கை முகத்திற்கு நேராகத் திறப்பது ஆபத்தானது. விமானப் பயணத்தில் உதிரி இலித்தியம் மின்கலங்களைக் கைப்பையில் மட்டுமே எடுத்துச் செல்லலாம்.

2019 செப்டம்பர் 2 அதிகாலையில் கலிபோர்னியாவின் சாந்தா குரூசு தீவருகே 'கன்செப்சன்' என்ற மூழ்கல் பயணப் படகு தீப்பற்றியது. கீழ்த்தளத்தில் உறங்கிய 34 பேர் இறந்தனர். அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியத்தால் தீயின் காரணத்தை உறுதியாக நிறுவ இயலவில்லை. கவனிப்பின்றி மின்னேற்றம் செய்யப்பட்ட மின்கலங்களைச் சாத்தியமான காரணங்களுள் ஒன்றாக அது குறிப்பிட்டது. இரவு முழுதும் சுற்றிவரும் காவல் அப்படகில் இல்லாததையும் சுட்டிக்காட்டியது. மின்கலங்களை யாரும் விழித்திராத நேரத்தில் மின்னேற்றம் செய்யாதிருத்தல் அடிப்படை முன்னெச்சரிக்கையாகும்.

விளக்குச் சைகைகள்

இருளில் கைச்சைகை தெரியாது என்பதால் கற்றையாலேயே சைகை செய்யப்படுகிறது. கற்றையை மெதுவாக வட்டமிட்டால் 'நலம்' என்று பொருள். விரைவாகப் பக்கவாட்டில் அசைத்தால் அது அவசர அழைப்பு. துணைவரின் முகத்தில் ஒளியைப் பாய்ச்சுவது அவரது இருட்பார்வையைச் சில நிமிடங்களுக்குக் கெடுக்கும் என்பதால் தவிர்க்கப்பட வேண்டும்.

இவற்றையும் பார்க்க

ஸ்கூபா மூழ்கல்
நீரடி ஒளிப்படவியல்
ஒளிவிலகல்
இலித்தியம்-அயனி மின்கலம்