பாதசாரிக் கடவையில் யாருக்கு முதலிடம்?

போருக்குப் பின் ஏ-9 வீதி காப்பெற் வீதியாகிவிட்டது. குன்றும் குழியுமாகக் கிடந்தபோது ஊர்ந்து சென்ற வாகனங்கள் இன்று பறக்கின்றன. அந்த வீதியைக் கடக்கும் எம்மவர்களிலோ செயற்கைக் காலுடனும் ஊன்றுகோலுடனும் நடப்பவர்கள் பலர். அவர்களால் ஓடிக் கடக்க முடியாது.

ஓடிக் கடக்க வேண்டும் என்று சட்டமும் கூறவில்லை. இலங்கையின் வீதிப் போக்குவரத்தை 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டம் ஒழுங்குபடுத்துகிறது. பாதசாரிக் கடவையில் ஒருவர் கால் வைத்துவிட்டால் முன்னுரிமை அவருக்கே. எவ்வளவு மெதுவாக நடந்தாலும், அவர் கடந்து முடியும்வரை சாரதி காத்திருக்க வேண்டும். கடவையில் நிறுத்தியிருக்கும் வாகனத்தை முந்திச் செல்லவும் கூடாது.

பாதசாரிக்கும் கடமைகள் உண்டு:

• அருகில் கடவை இருந்தால் அதனாலேயே கடக்க வேண்டும். கடவையில் தேவையின்றித் தரித்து நிற்கக்கூடாது.
• நடைபாதை இல்லாத இடத்தில், எதிரே வரும் வாகனங்களைப் பார்த்தபடி வலப்பக்கமாக நடக்க வேண்டும்.
• முதலில் வலம், பின் இடம், மீண்டும் வலம் பார்த்துக் கடக்க வேண்டும். ஒரு வாகனம் நின்றதும் பின்னால் வருவதும் நிற்கும் என நம்பிவிட வேண்டாம்.

விபத்து நேர்ந்தால் சாரதி வாகனத்தை நிறுத்தி, காயமடைந்தவருக்கு உதவி, பொலிஸுக்கு அறிவிக்க வேண்டும். 1990 என்ற இலக்கத்தில் இலவச அம்புலன்ஸை அழைக்கலாம். வாகன இலக்கத்தைக் குறித்து வையுங்கள். மூன்றாந்தரப்புக் காப்புறுதி எல்லா மோட்டார் வாகனங்களுக்கும் கட்டாயமானது. அதில் நட்டஈடு கோருவதற்குப் பொலிஸ் முறைப்பாடு முக்கியமானது. எனவே, “பேசித் தீர்ப்போம்” என்று கையில் தரும் சிறு தொகைக்காக முறைப்பாட்டைக் கைவிடாதீர்கள்.