நீருக்குள் வரலாறு: ஏரிதானே என்று எண்ணாதீர்கள்!

ஏரியில் ஒரு கப்பல் மூழ்கியது என்றால் நம்ப முடிகிறதா? அதுவும் 222 மீட்டர் நீளமுள்ள இரும்புக் கப்பல்!

அமெரிக்கா, கனடா எல்லையை ஒட்டி ஐந்து பேரேரிகள் இருக்கின்றன. அவற்றில் பெரியது சுப்பீரியர். பரப்பளவு சுமார் 82,000 சதுர கிலோமீட்டர். மிக ஆழமான இடத்தில் 406 மீட்டர். நடுவில் நின்றால் எந்தப் பக்கமும் கரை தெரியாது. 1958இல் வெள்ளோட்டம் விடப்பட்டபோது, அந்த ஏரிகளிலேயே பெரிய கப்பல் ‘எட்மண்ட் ஃபிட்ஸ்ஜெரால்ட்’தான்.

1975 நவம்பர் 9 அன்று, விஸ்கான்சின் மாநிலத்தின் சுப்பீரியர் துறைமுகத்திலிருந்து அது கிளம்பியது. கோலிக்குண்டு அளவில் உருட்டிய இரும்புத்தாது உருண்டைகள் 26,000 டன்னுக்கும் மேல் உள்ளே இருந்தன. கேப்டன் எர்னஸ்ட் மெக்சார்லியையும் சேர்த்துக் கப்பலில் 29 பேர். சற்றுப் பின்னால் ‘ஆர்தர் எம். ஆண்டர்சன்’ என்ற இன்னொரு சரக்குக் கப்பலும் வந்துகொண்டிருந்தது.

நவம்பர் என்றாலே அங்குள்ள மாலுமிகளுக்குக் கலக்கம்தான். கோடையில் சேர்ந்த வெப்பம் ஏரியில் இன்னும் மிச்சம் இருக்கும். வடக்கிலிருந்து கடுங்குளிர்க் காற்று அதன்மேல் பாயும். இரண்டும் சந்திக்கும்போது புயல் வலுக்கும். ஏரியின் அலைகள் கடல் அலைகளைப்போல இடைவெளி விட்டு வருவதில்லை. ஓர் அலையிலிருந்து கப்பல் நிமிர்வதற்குள் அடுத்தது அறையும்.

மறுநாள் மாலை சுமார் 3.30 மணிக்கு மெக்சார்லி ரேடியோவில் பேசினார். மேல்தளத்தின் தடுப்புக் கம்பி விழுந்துவிட்டது, காற்றுக்குழாய்கள் சேதமாகிவிட்டன, கப்பல் ஒரு பக்கம் சாய்கிறது, பம்புகள் ஓடுகின்றன என்றார். கொஞ்ச நேரத்தில் ரேடார்களும் வேலை செய்யவில்லை. ஒயிட்ஃபிஷ் முனையிலிருந்து வழிகாட்டும் ரேடியோ சமிக்ஞையும் செயலிழந்திருந்தது. ஆண்டர்சன் கப்பல்தான் ஃபிட்ஸ்ஜெரால்டுக்குக் கண்ணாக இருந்து வழி சொல்லிக்கொண்டே வந்தது.

இரவு சுமார் 7.10 மணி. “எப்படி இருக்கிறீர்கள்?” என்று ஆண்டர்சனிலிருந்து கேட்டார்கள். சமாளித்துக்கொண்டிருக்கிறோம் என்று பதில் வந்தது. சிறிது நேரத்தில் ரேடார் திரையில் அந்தக் கப்பலைக் காணவில்லை. பாதுகாப்பான ஒயிட்ஃபிஷ் விரிகுடாவை எட்ட இன்னும் 17 மைல்தான் பாக்கி. ஒருவர்கூடப் பிழைக்கவில்லை. விரிகுடாவுக்குப் போய்ச் சேர்ந்திருந்த ஆண்டர்சன், அந்தக் கொந்தளிப்புக்குள்ளேயே திரும்பிப் போய்த் தேடியது. கிடைத்தவை வெறும் உயிர்காப்புப் படகுகள்தான். கப்பல் இரண்டாக உடைந்து, 160 மீட்டர் ஆழத்தில் கிடந்தது.

ஏன் மூழ்கியது? கப்பலின் மேல்தளத்தில் சரக்கு அறைகளுக்கு 21 வாய்கள் இருந்தன. ஒவ்வொன்றின் இரும்பு மூடியையும் 68 கொண்டிகளால் இறுக்க வேண்டும். மொத்தம் 1,428 கொண்டிகள்! நீருக்கடியில் எடுத்த படங்களில் பல கொண்டிகள் வளையாமல் அப்படியே இருந்தன. எனவே அவற்றைச் சரியாக இறுக்கவில்லை என்றும், மூடிகள் வழியே கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் புகுந்தது என்றும் கடலோரக் காவல் படை முடிவு செய்தது. கப்பல் நிறுவனங்களின் சங்கம் இதை ஏற்கவில்லை. கேரிபூ தீவருகே ஆழம் குறைந்த பாறைத்திட்டில் கப்பலின் அடிப்பகுதி உரசியது என்பது அவர்கள் வாதம். இந்த விவாதம் இன்றுவரை ஓயவில்லை.

ஆனால் விவாதத்துக்கு இடமில்லாத செய்திகளும் உண்டு. சரக்கு அறைகளைப் பிரித்த தடுப்புகள் நீர் புகாதவை அல்ல. ஓர் அறையில் புகுந்த தண்ணீர் மற்றவற்றுக்கும் பரவும். உள்ளே எவ்வளவு தண்ணீர் ஏறியிருக்கிறது என்று காட்டும் கருவியும் இல்லை. ஏரியின் ஆழத்தை அளந்து சொல்லும் கருவியும் இல்லை. விபத்துக்கு முந்தைய சில ஆண்டுகளில், அதிகச் சரக்கு ஏற்ற வசதியாக விதிகளைத் தளர்த்தியிருந்தார்கள். நீர்மட்டத்துக்கும் மேல்தளத்துக்கும் இடையே இருக்கவேண்டிய உயரம் மூன்று அடிக்கும் மேல் குறைந்திருந்தது. கப்பல் எவ்வளவு தாழ்ந்து மிதக்கிறதோ, அவ்வளவு எளிதாக அலை மேலேறும்.

விபத்துக்குப் பிறகு பெரிய கப்பல்களில் ஆழமானி கட்டாயமானது. குளிர்நீரிலும் உடல் வெப்பத்தைக் காக்கும் உடை ஒவ்வொரு மாலுமிக்கும் கிடைத்தது. நவம்பர் வருவதற்கு முன்பே கப்பல்களைச் சோதிக்கும் வழக்கம் வந்தது. அதன்பின் பேரேரிகளில் பெரிய சரக்குக் கப்பல் எதுவும் மூழ்கவில்லை.

1995இல், இறந்தவர்களின் குடும்பங்கள் கேட்டுக்கொண்டதால் கப்பலின் மணியை மேலே கொண்டுவந்தார்கள். அந்த இடத்தில் 29 பெயர்களும் பொறித்த புதிய மணியை வைத்தார்கள். அந்தப் பெயர்களுக்கு நாம் செலுத்தும் உண்மையான மரியாதை, பாதுகாப்பு விதிகளைத் தளர விடாமல் இருப்பதுதான். படகுத் துறையிலோ பேருந்திலோ ஒரு விதி தொல்லையாகத் தோன்றினால், ‘இது யாருடைய உயிருக்குப் பிறகு வந்திருக்கும்?’ என்று கேட்டுப் பாருங்கள்.

அடுத்த வாரம்: ஒரே புயலில் 12 கப்பல்கள் மூழ்கின, 250க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 1913 நவம்பரில் அதே ஏரிகளில் என்ன நடந்தது?