சித்தேரி மலையும் திருச்சபையும்: தொண்டிலிருந்து தோழமைக்கு

தருமபுரி மாவட்டத்தின் தென்கிழக்கில், அரூர்ப் பக்கம் எழும் சித்தேரி மலையிலும் அதன் அடிவாரத்திலும் மலையாளிப் பழங்குடியினர் வாழ்கின்றனர். தமிழே இவர்களின் தாய்மொழி. கேரளத்தவரோடு இவர்களுக்குத் தொடர்பில்லை. 1882-ஆம் ஆண்டின் சென்னை வனச் சட்டம் காப்புக்காடுகளை வகுத்தபின், தலைமுறை தலைமுறையாகப் புழங்கிய காட்டுக்குள் கால்வைக்க அனுமதி தேட வேண்டியவர்களானார்கள். இந்த நெடிய இழப்பின்போது கிறிஸ்தவத் திருச்சபை எங்கே நின்றது? மலைமக்களின் உடல்நோயைத் தீர்க்க அது முதலில் கற்றுக்கொண்டது. அவர்களுடைய நிலத்தின் பக்கம் நிற்க வெகுகாலம் கழித்தே கற்றது. அதையும் பழங்குடியினரிடமிருந்தே கற்றது என்பது என் துணிபு.

அந்தக் கற்றலின் தொடக்கம், மலையாளிகள் வாழும் இன்னொரு மலையான கொல்லிமலையில். ஸ்டிரிக்ட் பாப்டிஸ்ட் மிஷனைச் சேர்ந்த ஜெஸ்ஸி பிராண்ட், 1913-இல் மணமுடித்த கையோடு மனைவி ஈவ்லினுடன் மலையேறி வாழவந்தியில் குடியமர்ந்தார். மருந்து, பள்ளி, தச்சு, வேளாண்மை எனப் பணி விரிந்தது. கொல்லிமலையோடு பச்சைமலை, கல்வராயன், சித்தேரி உள்ளிட்ட ஐந்து மலைத்தொடர்களுக்கும் செல்வதென இருவரும் உறுதிபூண்டிருந்தனர். நெடுங்காலம் அவர்களுடைய பேச்சுக்குச் செவிசாய்த்தவர் எவருமில்லை. அவர்களைக் கடுமையாக எதிர்த்த ஒரு பூசாரி காய்ச்சலில் மரணப்படுக்கையில் கிடந்தபோது, ஊரார் விலகிய நிலையில் பிராண்ட் போய்ப் பணிவிடை செய்தார். சாகுமுன் அந்தப் பூசாரி தம் பெண்குழந்தையை அவர்களிடம் ஒப்படைத்தார். மிஷன் நூல்கள் இதை மதமாற்றத்தின் திருப்புமுனையாகவே சொல்கின்றன. எனக்கோ அது வேறொன்றாகப் படுகிறது: தன் நம்பிக்கையைப் பழித்தவரையே தன் குழந்தைக்குக் காவலாக ஏற்ற ஒரு மனிதரின் பெருந்தன்மை. ஒப்புரவின் முதல் அடியை எடுத்து வைத்தவர் மலைவாசி.

1929-இல் ஜெஸ்ஸி கருநீர்க் காய்ச்சலில் இறந்தார். ஓய்வுபெறும் வயது வந்தபின் மிஷன் ஈவ்லினை மீண்டும் மலைக்கு அனுப்ப மறுத்தது. அவர் மிஷன் பொறுப்பிலிருந்து விலகித் தாமாகவே மலையேறினார். மட்டக்குதிரையில் ஊர் ஊராகச் சென்று, 1974-இல் 95 வயதில் மறையும்வரை மலைமக்களுக்காக உழைத்தார். இந்த அர்ப்பணிப்பின்முன் தலைவணங்குகிறேன். ஆனால் மருந்தும் எழுத்தும் மலையேறிய அதே காலத்தில் காடு மக்கள் கையிலிருந்து நழுவிக்கொண்டிருந்தது. அதைப் பாவம் என்று பெயரிட்டு எதிர்க்கும் இறையியல் அன்றைய சபையிடம் இல்லை.

அந்த இறையியல் 1970-களில்தான் உருப்பெற்றது. நீதிக்கான செயல்பாடு நற்செய்தி அறிவிப்பின் பிரிக்கமுடியாத கூறு என்று 1971-இல் கத்தோலிக்க ஆயர் மாமன்றம் அறிவித்தது. இயேசு சபையின் 32-ஆம் பொதுப்பேரவை (1974–75) அதையே தன் பணியின் மையமாக்கியது. அந்த ஆண்டுகளில் பெங்களூர் இந்தியச் சமூக நிறுவனத்தின் இயக்குநராகி, சமூகச் செயல்பாட்டாளர்களுக்குப் பயிற்சியளித்தவர் திருச்சி மாவட்டம் விரகாலூரில் பிறந்த ஸ்டான் சுவாமி. இளம் வயதில், இன்றைய ஜார்க்கண்டில், ஹோ பழங்குடி மாணவர்களுக்குப் பாடம் சொல்லப்போன இடத்தில், சந்தையில் வணிகர்கள் அம்மக்களை ஏய்ப்பதைக் கண்டவர் அவர். பின்னாளில் ஜார்க்கண்டுக்கே திரும்பி, விசாரணைக் கைதிகளாகச் சிறையில் வாடிய பழங்குடி இளைஞர்களுக்காக 2017-இல் உயர் நீதிமன்றத்தை நாடினார். 2020 அக்டோபரில் சட்டவிரோதச் செயல்கள் தடுப்புச் சட்டத்தில் (ஊபா) கைதாகி, ஜாமீன் கிடைக்காமலே 2021 ஜூலை 5 அன்று 84 வயதில் இறந்தார்.

அந்த இறையியலுக்குத் தருமபுரியில் சோதனைக்களம் வாச்சாத்தி. 1992 ஜூன் 20 அன்று சந்தனக்கட்டை தேடுவதாகச் சொல்லி வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறையினர் சித்தேரி அடிவாரத்து அந்த ஊருக்குள் புகுந்தனர். வீடுகள் நொறுக்கப்பட்டன, கிணறுகள் பாழாக்கப்பட்டன, 18 பெண்கள் வன்கொடுமைக்கு ஆளாயினர். குற்றம்சாட்டப்பட்ட 269 பேரில் வழக்கு முடியுமுன் 54 பேர் இறந்துவிட, எஞ்சிய 215 பேரும் குற்றவாளிகளென 2011 செப்டம்பர் 29 அன்று தருமபுரி அமர்வு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2023-இல் அதே நாளில் சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. இந்த நீதியை வென்றெடுத்தவர்கள் அந்தப் பெண்கள். உடன் நின்றவை தமிழ்நாடு மலைவாழ் மக்கள் சங்கமும் மார்க்சிஸ்ட் கட்சியும். சபை வரலாற்றை எழுதுபவர் இதை மழுப்பக்கூடாது. சேலத்திலிருந்து பிரிந்து 1997-இல் உருவான தருமபுரி மறைமாவட்டம் தோழமையின் இலக்கணத்தைத் தேட வெகுதூரம் போக வேண்டாம்: அடிபட்டவர்கள் முன்னே நடக்க, துணைநிற்பவர்கள் முப்பதாண்டுகள் சலிக்காமல் பின்தொடர்ந்த ஊர் அதன் எல்லைக்குள்தான் இருக்கிறது.

காடு பறிபோனபோது எதிர்க்காதிருந்த சபை மன்னிப்புக் கேட்பதைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். 1986-இல் கனடா ஐக்கியத் திருச்சபை முதற்குடி மக்களிடம் மன்னிப்புக் கேட்டது. அவர்கள் அதைக் கேட்டறிந்துகொண்டதாக 1988-இல் தெரிவித்தார்களே தவிர, ஏற்றுக்கொண்டதாகச் சொல்லவில்லை. கனடாவின் சட்பரி நகரில் அந்த மன்னிப்பின் நினைவாக எழுப்பிய கற்குவியலும் வேண்டுமென்றே முடிக்காமல் விடப்பட்டது. மன்னிப்பைச் செயலில் காட்டும்வரை அது முழுமையடையாது என்பது அம்மக்களின் நிலைப்பாடு.

தருமபுரியில் அந்தச் செயலுக்கு இப்போதே இடமிருக்கிறது. 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் தமிழ்நாட்டில் 2008-இல் உயர் நீதிமன்றத்தின் இடைக்கால ஆணையால் முடங்கியது. 2016-இல் உச்ச நீதிமன்றம் அந்தத் தடையை நீக்கியது. 2005 டிசம்பர் 13-க்கு முன்பிருந்தே நிலம் தங்கள் அனுபவத்தில் இருந்ததை மலைமக்கள் காட்ட வேண்டும். மூத்தோர் வாக்குமூலத்தோடு பழைய ஆவணங்களையும் ஆய்வுப் பதிவுகளையும் சான்றாக முன்வைக்கச் சட்டவிதிகள் இடம் தருகின்றன. மலையூர்களைப் பற்றிய மிஷன் அறிக்கைகளும் திருமுழுக்குப் பதிவேடுகளும் சபைகளின் பெட்டகங்களில் எங்கெல்லாம் உள்ளனவோ, அங்கெல்லாம் அவற்றைத் தேடியெடுத்து, படியெடுத்து, கேட்கும் கிராமசபைக்குக் கட்டணமின்றித் தர வேண்டும்.