பாதி அறிவிக்கப்பட்ட செய்மதி

1960 ஆம் ஆண்டு யூன் 22 ஆந் திகதி, அமெரிக்காவின் கேப் கனவரல் தளத்திலிருந்து எழுந்த ஏவூர்தியொன்று இரு செய்மதிகளைத் தாங்கிச் சென்றது. பெரியது கப்பல்களுக்குத் திசையறிவிக்கும் ‘திரான்சிற் 2ஏ’. அதன்மேல் அமர்ந்து சென்ற மற்றையது, 20 அங்குல விட்டமும் 42 இறாத்தல் நிறையுமுடைய சிறு கோளம். ஞாயிற்றின் கதிர்வீச்சை அளக்கும் ‘சோல்றாட்’ என அஃது உலகிற்கு அறிவிக்கப்பட்டது. அவ்வறிவிப்பிற் பொய் யாதும் இல்லை. ஆயின் அது பாதியே. அக்கோளத்தினுள் ‘கிறாப்’ எனப் பின்னாளில் அறியப்பட்ட ஒற்றுக் கருவியும் வைக்கப்பட்டிருந்தது.

சோவியத்து ஒன்றியத்தின் வான்காப்பு றேடார்கள் எங்குள்ளன, எத்தகையன என்பதை அறியாது அமெரிக்க விமானப்படை தன் போர்த்திட்டங்களை வகுக்க இயலாதிருந்தது. றேடார் அலைகள் நேர்கோட்டிற் செல்வன, புவியோ வளைந்தது. ஆகலின், எல்லைக்கு வெளியே பறந்த விமானங்களுக்கு உள்நாட்டு றேடார்களின் ஒலி எட்டவில்லை. ஆனால் அவ்வலைகள் அடிவானத்தோடு நின்றுவிடுவன அல்ல. விண்வெளிக்கும் தடையின்றிச் செல்வன. அங்கே ஒரு செவியை நிறுத்தினால் யாது?

இவ்வினாவுக்கு விடை கண்டவர் கடற்படை ஆராய்ச்சிக்கூடத்துப் பொறியியலாளர் றீட் மேயோ. நீர்மூழ்கிக் கப்பலின் மேனோக்குக் குழலிற் பொருத்துதற்கென றேடார் உணர்கருவியொன்றை அக்கூடம் ஆக்கியிருந்தது. 1958 இன் தொடக்கத்திற் பென்சில்வேனியாவிற் பனிப்புயலால் ஓர் உணவகத்திற் குடும்பத்துடன் தங்க நேர்ந்தபோது, அக்கருவியை விண்ணுக்கு உயர்த்தினால் எவ்வளவு தொலைவுவரை பயன்படும் என்பதை, மேசையிலிருந்த விரிப்புத்தாளின் பின்புறத்தில் மேயோ கணக்கிட்டார். ஏறக்குறைய 600 மைல் உயரம்வரை என விடை வந்தது.

சனாதிபதி ஐசன்ஹோவர் 1959 ஓகஸ்ட் 24 இல் இத்திட்டத்திற்கு ஒப்புதல் அளித்தார். 1960 மே 1 இல், சோவியத்து வானிற் பறந்த யூ-2 உளவு விமானம் வீழ்த்தப்பட்டு, உலகறிந்த அவமானம் நேர்ந்தது. நான்கு நாள் கழித்து, செய்மதியை ஏவுவதற்கான இறுதி அனுமதி வழங்கப்பட்டது. விமானத்தை வீழ்த்தலாம், 1957 இல் ஸ்புட்னிக் எல்லா நாடுகளின் மேலும் சுற்றிவந்தபின், செய்மதியின் பாதையை மறுப்பது மொஸ்கோவிற்கும் எளிதன்று. எனினும் அச்சம் முற்றும் நீங்கவில்லை. யூலை 5 இல் முதன்முறை இயக்கப்பட்ட அக்கருவி, செப்டெம்பர் 22 வரை 22 வலங்களில் மட்டுமே செய்தி திரட்டியது.

அது தான் பெற்ற துடிப்புக்களைச் சேமித்து வைக்கவில்லை. உடனுக்குடன் கீழுள்ள நிலையங்களுக்குத் திருப்பி அனுப்பிற்று. சிறு குடில்களில் அமர்ந்த பணியாளர் அவற்றைக் காந்த நாடாவிற் பதிந்தனர். நாடாக்கள் வாசிங்டனுக்குச் சென்று, அங்கிருந்து தேசிய பாதுகாப்பு முகவரகத்தையும் ஒமாகாவிலிருந்த தந்திரோபாய விமானப்படைத் தலைமையகத்தையும் அடைந்தன. சோவியத்து ஒன்றியம் எறிகணைகளையே அழிக்கும் முயற்சிக்குத் துணையாகும் றேடாரை ஏற்கெனவே இயக்கியது என்பது அவ்வாய்விற் புலனாயிற்று.

அதே ஆண்டு நவம்பர் 30 இல் அடுத்த செய்மதி ஏவூர்தியுடன் அழிந்தது. அதன் சிதைவுகள் கியூபாவில் வீழ்ந்து ஒரு பசுவைக் கொன்றன எனக் கியூபா முறையிட்டமை, பெருவல்லரசுகளின் வரலாற்றில் எவரும் எதிர்பாரா அடிக்குறிப்பு. 1961 யூன் 29 இல் ஏவப்பட்டதே வெற்றியுடன் பணியைத் தொடர்ந்தது.

ஞாயிற்றுக் கருவியை வெறும் முகமூடி எனத் தள்ளுதல் பொருந்தாது. ஞாயிற்றிற் சுடர்வெடிப்பு நிகழுங்கால் பெருகும் எக்ஸ் கதிர்களே வளிமண்டல மேலடுக்கைக் குழப்பி வானொலித் தொடர்பை மங்கச் செய்கின்றன என்பதற்கு, அது நேர்ச்சான்று தந்தது. அரசறிக்கையிற் பொய்யைத் தேடிப் பழகிய ஆய்வாளருக்கு, மெய்யான பாதி கூறப்பட்ட இவ்வறிக்கை அதனினும் கடினமான சான்று.

ஒற்றுப்பணி 1998 யூனில், கடற்படை ஆராய்ச்சிக்கூடத்தின் 75 ஆம் ஆண்டு நிறைவின்போது வெளியிடப்பட்டது. ஞாயிறு பற்றிய அளவைகளோ, அதற்கு முந்திய முப்பத்தெட்டு ஆண்டுகளிலும் எவரும் எடுத்துப் படிக்கக்கூடியனவாய் ஆய்விதழ்களிற் கிடந்தன.