தரையை விட்டெழுந்த சில கணங்கள்

ஒற்றை எஞ்சின் பூட்டிய சிறிய விமானம் 10,000 அடி உயரத்தில் பறக்கும்போது எஞ்சின் நின்றுபோனால், அது கல்லைப்போல் வீழ்ந்துவிடுவதில்லை. பருந்தைப்போல் மிதந்து இறங்கும். தக்க இடம் தேடி இறக்குவதற்கு விமானிக்குப் பல நிமிடங்கள் கிட்டும். தரையை விட்டெழுந்து 300 அடி உயரம் சென்றதும் நின்றுபோனாலோ, அரை நிமிடங்கூடக் கிட்டாது. விமானியின் மொழியில் உயரம் என்பது காலத்தின் மறுபெயர்.

அந்நிலையில் விமானத்தின் மூக்கு மேல்நோக்கி நிமிர்ந்திருக்கும். வேகம் நொடிக்கு நொடி குன்றும். விட்டுவந்த நிலையத்துக்கே திரும்பிவிடலாமென மனம் தூண்டும். ஆனால் சாய்ந்து திரும்பும் விமானத்தைத் தாங்க இறக்கைகளுக்கு மிகுந்த வேகம் தேவை. உயரம் குறையாமல் 60 பாகை சாய்ந்து திரும்புவதானால், நேரே பறக்கும்போது வேண்டிய குறைந்தபட்ச வேகத்தைவிட 41 சதவிகிதம் கூடுதலாக வேண்டும். அவ்வேகம் இல்லையேல் இறக்கைகள் தாங்கும் ஆற்றலை இழக்கும். விமானம் சுழன்று வீழும். ஆகவேதான், “மூக்கைத் தாழ்த்துக, நேர் எதிரே இறங்குக” என்னும் பாடம் பயிற்சிப் பள்ளிகளில் முதன்மை பெற்றது.

இப்பாடத்தை நன்கறிந்தவர்க்கும் விதிவிலக்கு இல்லை என்பதற்கு வரலாறு ஒரு துயரச் சான்று தருகின்றது. அமெரிக்க விமானி வைலி போஸ்ட், எண்ணெய் வயல் விபத்தில் ஒரு கண்ணை இழந்தவர்; அதற்கு ஈடாகக் கிடைத்த பணத்தில் முதல் விமானத்தை வாங்கியவர். 1933ஆம் ஆண்டு தன்னந்தனியே உலகைச் சுற்றிப் பறந்த முதல் மனிதர் என்னும் புகழை எய்தினார். அதற்கு அவருக்குச் சென்ற காலம் 7 நாள் 18 மணி 49 நிமிடம்.

1935இல் அவர் ஒரு விமானத்தின் உடலோடு வேறொன்றின் இறக்கையை இணைத்தார். இவ்விணைப்பு ஆபத்தானதென்று கூறி, அவற்றைச் செய்த லாக்ஹீட் நிறுவனமே அப்பணியை ஏற்க மறுத்திருந்தது. நீரில் இறங்குவதற்கெனப் பெரிய மிதவைகளும் பூட்டப்பெற்றன. பாரம் முன்புறம் மிகுந்தது. எஞ்சின் முழு வலிமையோடு இயங்கியவரை அக்குறை மறைந்திருந்தது.

அவ்வாண்டு ஆகஸ்ட் 15ஆம் நாள், நகைச்சுவை எழுத்தாளரும் திரைப்பட நடிகருமான வில் ரோஜர்ஸ் உடன்வர, அலாஸ்காவின் வடகோடியிலுள்ள பாரோவை நோக்கிச் சென்றார் போஸ்ட். மூடுபனியில் வழி தவறி, ஓர் உப்பங்கழியில் இறங்கினார். அங்கிருந்த பழங்குடி மக்களிடம் வழி கேட்டறிந்து மீண்டும் எழும்பினார். சிறிது உயரத்திலேயே எஞ்சின் ஓய்ந்தது. வேகம் குன்றவே, கனத்த மூக்கை வாற்பகுதியால் தாங்க இயலவில்லை. விமானம் ஆழமற்ற நீரில் தலைகீழாய் வீழ்ந்தது, இருவரும் மாண்டனர். பழங்குடியினர் ஒருவர் ஏறத்தாழ 15 மைல் ஓடிச் சென்று பாரோவில் செய்தி சொன்னார்.

மூக்கைத் தாழ்த்தி நேரே இறங்குவதற்கும் விமானம் விமானியின் கைக்கு அடங்கியிருத்தல் வேண்டும். போஸ்ட்டின் திறமைக்கு அந்த வாய்ப்புக்கூட அளிக்கப்படவில்லை. பாரத்தை நிறுத்துச் சமன் செய்தல், பெட்ரோலில் நீர் கலந்துள்ளதா எனச் சோதித்தல், எஞ்சின் நின்றால் எங்கே இறங்குவது என முன்கூட்டியே முடிவு செய்தல் ஆகிய யாவும் தரையிலேயே முடியவேண்டிய கடமைகள். மேலெழுந்த பின் அவற்றை எண்ணிப் பார்க்கவும் நேரமிராது.