புள்ளியும் தரமும்

விடைத்தாளுக்கு நூற்றுக்கு இத்தனை எனப் புள்ளி வழங்கும் வழக்கம் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஐக்கிய அமெரிக்கப் பாடசாலைகளில் வேரூன்றியிருந்தது. 71 பெற்றவரிலும் 72 பெற்றவர் மேலானவர் என்பதே அம்முறையின் உட்கிடை.

இதனை 1912 ஆம் ஆண்டில் விஸ்கொன்சின் சர்வகலாசாலையைச் சேர்ந்த ஸ்ராச், எலியற் என்னும் இருவர் சோதித்தனர். ஓர் ஆங்கில விடைத்தாளின் பிரதிகளை 142 பாடசாலைகளின் ஆசிரியர்கள் திருத்தினர். ஒருவர் 98 புள்ளி வழங்கிய விடைக்கு மற்றொருவர் 64 புள்ளியே வழங்கினார். மொழிப்பாடத்தில் சுவை வேறுபடுதல் இயல்பே எனலாம். ஆயின், 1913 இல் கேத்திரகணித விடைத்தாளொன்றை அவ்வாறே திருத்துவித்தபோது, புள்ளிகள் 30க்குக் கீழும் 90க்கு மேலும் சென்றன. வழிமுறைக்கு எவ்வளவு, முடிவான விடைக்கு எவ்வளவு என்பதில் ஆசிரியர்கள் உடன்படவில்லை.

மவுண்ற் ஹோலியோக் கல்லூரியில் 1897 இலேயே வழங்கிய எழுத்துத் தரமுறை, இவ்வாராய்ச்சிகளின் பின்னர் பரந்த ஆதரவு பெற்றது. திருத்துவோரின் சிறு வேறுபாடுகளை ஒரே தரம் தன்னுள் அடக்கிக்கொள்ளும். எனினும், இரு தரங்களின் எல்லையில் நிற்கும் மாணாக்கரை ஒரு புள்ளி இன்றும் கீழே தள்ளக்கூடும். அவரது விடைத்தாளை இரண்டாமொருவரும் நோக்குதலே நீதியாம்.