லூமினிசம்

லத்தீனில் 'லூமென்' என்றால் ஒளி. அதிலிருந்து பிறந்தது லூமினிசம். 19ஆம் நூற்றாண்டில், ஏறத்தாழ 1850 முதல் 1875 வரை, அமெரிக்காவில் வரையப்பட்ட ஒருவகை நிலக்காட்சி ஓவியங்களுக்கான பெயர் இது. ஆனால் அவற்றை வரைந்த ஃபிட்ஸ் ஹென்றி லேன், மார்ட்டின் ஜான்சன் ஹீட், கென்செட் ஆகியோர் இந்தச் சொல்லைக் கேட்டதே இல்லை. அவர்கள் மறைந்து பல பத்தாண்டுகளுக்குப் பின், 20ஆம் நூற்றாண்டின் நடுவில், ஜான் பார் என்ற கலை வரலாற்றாளர் புழக்கத்துக்குக் கொண்டுவந்த சொல் இது.

லேன் 1864இல் வரைந்த 'பிரேசஸ் ராக்' ஓவியத்தைப் பாருங்கள். அலையடங்கிய சிறு கடற்கரை, கைவிடப்பட்ட ஒரு படகு, மேலே விரிந்த வானம். தூரிகை பட்ட தடமே தெரியாது. தடம் தெரிந்தால் கண் ஓவியனின் கையிடம் போய்விடும். இங்கே அது ஒளியிடமே நிற்கிறது. பிரெஞ்சு ஓவிய இயக்கமான இம்ப்ரெஷனிசத்தோடு லூமினிசத்தைக் குழப்புவது தவறு. அங்கே தூரிகைத் தீற்றல்தான் ஒளியைச் சிதறடிக்கிறது.

லூமினிசத்தைத் தமிழில் 'ஒளியியல்' என்று எழுதிவிடாதீர்கள். அது இயற்பியலின் ஒரு பிரிவு. 'ஒளியியம்' எனலாம்.